ரெண்டு நீலம், ஒரு மஞ்சள்

ஜானகி அடிக்கடி சொல்வாள், "குல்ஷனு, உன் வாய்க்கு ஒரு ஜிப்பு வெச்சித் தச்சிக்கடி" என்று. தையல்காரியிடமே சொல்லுகிற சொல்லைப் பாருங்கள். நானும் விடமாட்டேன். "ஜிப்பு நீ வாங்கியா, தைக்கிற வேலைய நான் பாத்துக்கிறேன்" என்பேன். அப்படிச் சிரித்துப் பேசின வாயால்தான் அந்த வீட்டில் தீ வைத்தேன். வேண்டுமென்று வைக்கவில்லை. அல்லா அறிவான்.

கொட்டிவாக்கம் குப்பத்துக்குள் இறங்குகிற சந்தில் முதல் அறை என்னுடையது. ஒரு மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, கடல் காற்றில் துருப்பிடித்த ஒரு பீரோ. எதிர்வீடு ஜானகியுடையது. அவள் புருஷன் டில்லிபாபு கடலுக்குப் போகிறவர். எனக்கு அவர் அண்ணன் முறை, பதினாறு வருஷமாக. அவர்களுக்கு ஒரே மகள், அன்புக்கரசி. டில்லியண்ணனின் தங்கை மகன் செம்பியனுக்கும் அன்புவுக்கும் தாம்பூலம் மாற்ற நாள் குறித்திருந்தார்கள். அந்த வாரத்திலேயே அவள் மேற்கு மாம்பலத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் சாய்நாத்தைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். தங்கைக்காரி வந்து வாசலில் நின்று இரண்டு கையாலும் மண்ணை வாரி வீட்டின்மேல் எறிந்துவிட்டுப் போனாள். மச்சானோடு கூட்டாக வைத்திருந்த போட்டும் பிரிந்தது. அன்றிலிருந்து நாலு வருஷம், டில்லியண்ணன் மகள் பேரை வாயால் சொன்னதில்லை.

இந்த வருஷம் ஜானகிக்கு மார்பில் கட்டி. சித்திரையில் கண்டுபிடித்தார்கள். முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்க வேண்டும், அப்புறம் ஆபரேஷன் என்றார்கள். மருந்து ஏற ஆரம்பித்ததும் அவளுக்கு மீன் வாசனை ஆகவில்லை. மீன்காரர் வீட்டில் மீன் வாசனை ஆகவில்லை என்றால் எப்படிக் குடித்தனம் செய்வது? டில்லியண்ணன் கரையிலேயே சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்து, எலுமிச்சம் தோலால் இன்னொரு தடவை தேய்த்து, லுங்கியை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார். நாக்கு கேட்கும்போது நாலு நெத்திலியைத் துணியில் சுற்றிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பார். நான் குழம்பு வைத்துக் கொடுப்பேன். மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திருடித் தின்பவர் போலச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் ஜானகிக்கு அந்தக் குரோஷா வேலை ஒட்டிக்கொண்டது. ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிற ஸ்ரீலக்ஷ்மி மாமி தன் அக்காவுக்குத் துணையாக அங்கே வருவாளாம். "கையை சும்மா வெச்சுண்டு உக்காந்தா மனசு கண்டதையும் நினைக்கும் ஜானகி. இந்தா, இதைப் பிடி" என்று முனையில் கொக்கி வைத்த ஒரு ஊசியைக் கையில் கொடுத்தாளாம். உல்லன் நூலை வளையத்துக்குள் வளையமாக இழுத்துக்கொண்டே போகிற வேலை. ஜானகி முதலில் ஒரு கோணல் கட்டம் போட்டாள். பிறகு நேரான கட்டம். பிறகு நடுவில் பூ வைத்த கட்டம். புரட்டாசிக்குள் முப்பத்தாறு கட்டம் சேர்ந்து, ஆறுக்கு ஆறாகக் கோத்து ஒரு சின்னப் போர்வை ஆகிவிட்டது.

"யாருக்கு இத்தினி சின்னதா?" என்று டில்லியண்ணன் கேட்டாராம்.

"மாமியோட பேரக் கொழந்தைக்கு. மாமி கேட்டாங்க" என்று சொல்லிவிட்டாள்.

பொய். அன்புவுக்கு எட்டாம் மாசம். எனக்குத் தெரியும், ஏனென்றால் அம்மாவும் மகளும் பேசுவது என் போனில்தான். ஒவ்வொரு தடவையும் ஜானகி கெஞ்சுவாள், அந்தப் பெண் ஒரே பதிலைச் சொல்லுவாள்: "நைனா கூப்டட்டும்மா, வரேன். அவுரு இல்லாத நேரமாப் பாத்து நொழைய நானு இன்னா திருடியா?" அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

கட்டங்கள் முடிந்தன. ஓரம் பாக்கி. அதற்குள் மருந்து ஜானகியின் விரல்களைப் பிடித்துக்கொண்டது. நுனியெல்லாம் மரத்துப்போய், டீ டம்ளர் சுடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கொக்கி ஊசி கையிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. ஆபரேஷனுக்கு வியாழக்கிழமை என்று நாள் கொடுத்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் போர்வையோடு என் அறைக்கு வந்து உட்கார்ந்து அழுதாள்.

"நான் சாட்டின் பட்டி வெச்சி மிஷின்ல அடிச்சித் தரேன். அர மணி நேரம்" என்றேன்.

"வோணாம். மிஷின்ல அடிச்சது கடையிலயே கீது."

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் அன்றைக்கு அவளோடு சண்டை போட முடியாது.

"அதுக்கு இல்லடி" என்றாள் அவளே. "உள்ள போறேன். திரும்பி வருவனோ இன்னாவோ. நீ இத்த அவளாண்ட குடுக்கணும். இத்தப் பாத்தாலாவது மனசு எளகி ஒரு தபா வந்துட்டுப் போவாளான்னுதான்."

வாடைக்காற்று பிடித்துக் கடல் கலங்கியிருந்த நேரம். நாலு நாளாக ஒரு போட்டும் இறங்கவில்லை. டில்லியண்ணன் கரைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவள் ஊசியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் ஹெம்மிங் வேலையை எடுத்துக்கொண்டு அங்கேதான் இருந்தேன்.

"குடு இப்டி. எப்டின்னு காட்டு."

"நீயா?"

"ஏன், வலையப் பின்றவனுக்கு இது வராதா?"

அவள் சொல்லச் சொல்ல அவர் அந்தத் தடித்த விரல்களால் கொக்கியை விட்டு இழுத்தார். பத்து வளையம் வந்தது. நுனியைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தார். பத்தும் உருவிக்கொண்டு கையில் வெறும் நூலாக நின்றது.

"இன்னாடி இது? நுனியப் புட்சி இஸ்தா மொத்தமும் கயண்டுகினு வருது. இதுக்குப் பேரு பின்னலா?"

"அது அப்டித்தான்யா. தப்பாப் பூட்ச்சின்னா பிரிச்சிட்டு மறுக்காப் போட்டுக்கலாம்."

"பிரிக்கிறதுக்கு இன்னாத்துக்குப் போடணும்? சுறா ஒரு இடி இடிச்சா ஒண்ணும் மிஞ்சாது."

"தூளியில தூங்கற கொழந்தய சுறா வந்து இடிக்கப் போவுதாணா?" என்றேன். ஜானகி சிரித்தாள். எத்தனை நாளைக்கு அப்புறம் சிரித்தாள் என்று எனக்கு நினைவில்லை.

அவர் எழுந்து போய்ப் பரணிலிருந்து வலை பின்னுகிற ஊசியை எடுத்துவந்தார். பச்சை பிளாஸ்டிக், உள்ளங்கை நீளம், நடுவில் நாக்கு. வெள்ளை உல்லனை அதில் சுற்றினார். வலைக் கண்ணெல்லாம் ஒரே அளவாக வருவதற்கு அளவுகோலாக ஒரு துண்டு வேண்டும். ஜானகியின் சீப்பை எடுத்து, பல்லை உடைத்துவிட்டு, முதுகை வைத்துக்கொண்டார். முடி கொட்டினதிலிருந்து அந்தச் சீப்புக்கு வேலையில்லை. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

போர்வையின் ஓரத்தைக் கால் கட்டை விரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போட ஆரம்பித்தார். கரையில் வலைக்குப் போடுகிற அதே முடிச்சு. ஒன்றை அறுத்தாலும் பக்கத்துக் கண் அசையாது. ஜானகி பக்கத்தில் சாய்ந்துகொண்டு மேஸ்திரி வேலை பார்த்தாள்.

"மூலையில மட்டும் ஒரே எடத்துல மூணு போடுய்யா. இல்லாங்காட்டி ஓரம் இஸ்துகினு, போர்வ கிண்ணி மாரி குழிஞ்சிடும்."

"தெரியுது, தெரியுது. வலைக்கு மூல இல்லியா?"

"மெத்துனு இருக்கணும். கொழந்த ஒடம்புல முடிச்சு உறுத்தப் போவுது."

"எறா வலைக்குப் போடற பொடி முடிச்சுடி இது. உன் மாமி வூட்டுக் கொழந்த சோக்காத் தூங்கும், போ."

அதைக் கேட்டு ஜானகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தலையைக் குனிந்து துணியைப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு நாள் அந்த வீடு அழகாக இருந்தது. அவர் ரசம் வைத்தார். அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். சந்தில் போகிறவர்கள் எட்டிப்பார்த்து, "இன்னா டில்லி, உல்லன் வலையில இன்னா மீனு புடிக்கப் போற?" என்று கிண்டல் செய்தார்கள். அவர் நிமிரவே இல்லை. போர்வையைச் சுற்றி வெள்ளையாக, குட்டிக் குட்டி வலைக் கண்ணாக, இரண்டு வரிசை ஓரம் வளர்ந்தது. உள்ளபடியே சொல்கிறேன், சாட்டின் பட்டியை விட நன்றாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீயும் பட்டர் பிஸ்கட்டுமாக நான் போனபோது அவர் கடைசி மூலையை முடித்து, போர்வையைத் தரையில் விரித்திருந்தார். அந்த மூலையைப் பார்த்தேன். வெள்ளைக்கு நடுவில் இரண்டு முடிச்சு நீலம், அதை ஒட்டி ஒரு முடிச்சு மஞ்சள்.

குப்பத்தில் வலைகள் கரையில் ஒன்றோடு ஒன்று கலந்து கிடக்கும். எது யாருடையது என்று தெரிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நூல் அடையாளம் உண்டு. வலை முடிந்ததும் கடைசி மூலையில் அதைப் போட்டுவிடுவார்கள். டில்லியண்ணன் வீட்டுக்கு ரெண்டு நீலம், ஒரு மஞ்சள். அவர் அப்பா காலத்திலிருந்து அதுதான். கை பழக்கத்தில் போட்டிருக்கிறார். கட்டங்களில் மிஞ்சின நூலைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறார்.

பேசாமல் இருந்திருக்கலாம். நான் பேசினேன்.

"இன்னாணா, மாமி வூட்டுக்குப் போறதுல உங்க வல அடையாளம் கீது?"

அவர் குனிந்து பார்த்தார். வெட்கமாகச் சிரித்தார். "அட, ஆமா. கை பாட்டுக்குப் போட்டுகினு பூட்ச்சி. அடுத்தவங்க பொருளுல நம்ம அடையாளம் இருக்கக் கூடாது. இரு, அறுத்துட்டு வெள்ளையாப் போட்றேன்." இடுப்பிலிருந்து வலைக் கத்தியை எடுத்தார்.

"வோணாய்யா!" என்று ஜானகி பாய்ந்தாள். எழுந்து நிற்கவே சுவரைப் பிடிக்கிறவள், தவழ்ந்து வந்து போர்வையைக் கையால் மூடிக்கொண்டாள். "அத்த அறுக்காத. இருக்கட்டும். அது இருக்கட்டும்யா."

"இன்னாத்துக்கு? மாமி கேப்பாங்கள்ல?"

"கேக்க மாட்டாங்க. இருக்கட்டும்."

அவர் சிரிப்பு நின்றது. அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் டீ டம்ளரைப் பார்த்தேன். அந்த மனிதருக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"யாருக்கு இது?"

அவள் அந்த மூலையை இன்னும் அழுத்தி மூடிக்கொண்டாள்.

"யாருக்குடி?"

"நம்ம அன்புவுக்கு. அவ கொழந்தைக்கு. எட்டாம் மாசம்யா."

அவர் அவள் கையை முரட்டுத்தனமாக விலக்கவில்லை. மெதுவாக எடுத்து ஒரு பக்கம் வைத்தார். அப்புறம் அந்த மூலையைப் பிடித்து ஒரே இழுப்பில் கத்தியைப் போட்டார். அடையாளம் தனியாக விழுந்தது. கத்தி அதோடு நிற்காமல் பக்கத்துக் கட்டத்தையும் கீறிக்கொண்டு போனது.

"வெட்டு" என்றாள் ஜானகி. குரல் ஏறவில்லை. "இன்னொரு தபாவும் வெட்டு. நாளன்னிக்கி டாக்டரும் என்ன வெட்டத்தான் போறாரு. அதுக்குள்ள அவ மூஞ்ச ஒருவாட்டி பாத்துடணும்னு கீறேன். அது தப்பாய்யா?"

"எந்தங்கச்சி இந்த வாசல்ல மண்ண வாரி எறஞ்சாளே, அது உனுக்கு மறந்து பூட்ச்சா?"

"மறக்கல. எறஞ்சவ உசுரோட சோறு துன்னுகினு கீறா. நானு இருப்பனான்னுதான் தெரில."

அவர் எழுந்து போய்விட்டார். தூறல் ஆரம்பித்திருந்தது. நனைந்துகொண்டே கரைப்பக்கம் நடந்தார்.

நான் போர்வையைக் கையில் எடுத்தேன். அவர் போட்ட ஓரம் வெட்டின இடத்தோடு அப்படியே நின்றது, ஒரு கண்கூட அசையவில்லை. ஜானகி போட்ட கட்டம்தான் பிரிந்தது. நூல் நுனி தொங்க, தூக்கினால் இரண்டு வளையம், மடித்தால் இரண்டு வளையம் என்று கழன்றுகொண்டே வந்தது. நான் ஒரு ஊக்கைக் குத்தி நிறுத்தினேன். "என்ன மன்னிச்சிடுடி" என்றேன். "உன் வாய்க்கு ஜிப்பு வெக்கச் சொன்னேன், கேட்டியா நீ?" என்று சொல்லிவிட்டு என் மடியில் படுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை நான் அன்புவுக்குப் போன் போட்டேன்.

"நைனா கூப்டாரா அத்த?"

"இல்லடி."

"அப்பறம் நானு எந்த மூஞ்சோட வர்றது?"

"ஆத்தா மூஞ்சப் பாக்க வாடி. நைனா மூஞ்ச எவ பாக்கச் சொன்னா? நாளைக்கிக் காலையில ஒம்போது மணிக்கு உள்ள இட்டுகினு போறாங்க. நான் சொல்லிட்டேன், அப்பறம் உன் இஷ்டம்." போனை வைத்துவிட்டேன். என் பங்குக்கு நானும் கோபப்பட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் ஆட்டோவில் மூன்று பேரும் கிளம்பினோம். திருவான்மியூர் சிக்னலில் மழைத் தண்ணீர் நின்று, ஆட்டோ திணறியது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசவில்லை. போர்வை என் ஒயர் கூடையில் ஃப்ளாஸ்க்குக்கு அடியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் பச்சை உடுப்பு மாட்டி, ஜானகியைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். கதவு வரைக்கும் நாங்கள் கூடவே நடந்தோம். அவள் வராந்தாவை ஒரு தடவை முழுசாகப் பார்த்தாள்.

"வர்லல்ல?" என்றாள் என்னிடம்.

"வருவா."

அவள் தலையைத் திருப்பி டில்லியண்ணனைப் பார்த்தாள். "ரசம் அடுப்பு மேல கீது. சுட வெச்சித் துன்னு." கதவு மூடிக்கொண்டது.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார்.

"அத்தக் குடு."

"எத்த?"

"தெரியாத மாரி கேக்காத. கூடையில கீதுல்ல."

எடுத்துக் கொடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து வலை ஊசி வந்தது. சீப்பு முதுகு வந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே வெள்ளை உல்லனை ஊசியில் சுற்றி எடுத்துவந்திருக்கிறார். கையில் வைத்திருந்த மஞ்சப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். என் ஊக்கை எடுத்துவிட்டு, ஜானகியின் கட்டத்தில் தொங்கின வளையங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து முடிச்சுப் போட்டு நிறுத்தினார். அப்புறம் ஓரத்துக்கு வந்தார். கால் விரலில் மாட்டினார். வழுக்கிக்கொண்டு போனது. வெட்டுப்பட்ட பக்கம் பிடிமானம் இல்லை. மறுபடியும் மாட்டினார், மறுபடியும் வழுக்கியது. நான் பிடிக்கலாம் என்று குனிந்தேன்.

அதற்குள் இரண்டு கை வந்து போர்வையின் மறுமுனையைப் பிடித்தது. அன்பு. மூச்சு வாங்குகிறது, துப்பட்டா நனைந்திருக்கிறது, வயிறு முன்னால் நிற்கிறது. மாடிப்படிப் பக்கம் சாய்நாத் குடையோடு நின்றுகொண்டான், கிட்டே வரவில்லை. அவள் மெதுவாகப் பெஞ்சின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். டில்லியண்ணன் நிமிரவில்லை. அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விட்டார் என்றால்?

"இஸ்துப் புடி" என்றார்.

அவள் இழுத்துப் பிடித்தாள். அவர் ஒரு முடிச்சுப் போட்டார். இன்னொன்று போட்டார்.

"இன்னும் கொஞ்சம். தொங்குது பாரு."

"இவ்ளோ போதுமா நைனா?"

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. நாலு வருஷத்துக்கு அவ்வளவுதான். அவள் கண்ணீர் போர்வைமேல் சொட்டியது, அவர் அந்த இடத்தைக் கட்டை விரலால் துடைத்துவிட்டு அடுத்த கண்ணுக்குப் போனார். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். வாயையும் மூடிக்கொண்டேன், அன்றைக்காவது.

பதினொன்றரை இருக்கும். மூலைக்கு வந்துவிட்டார். வெட்டி எறிந்த இடம். மூன்று முடிச்சுக்கு இடம் விட்டு, ஊசியைக் கீழே வைத்தார். மஞ்சப்பையைக் கண்ணால் காட்டினார்.

"அதுல நீலம் கீது, மஞ்ச கீது. எடு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. குப்பத்தில் பிறந்தவள், புரியாமல் இருக்குமா? பைக்குள் கையை விட்டவள் அப்படியே முகத்தைப் பையில் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அவர் அதட்டவில்லை, தேற்றவுமில்லை. கையை நீட்டிக்கொண்டே காத்திருந்தார். முதலில் நீலம் வந்தது. இரண்டு முடிச்சு. பிறகு மஞ்சள். அதை இறுக்குவதற்கு முன்னால் கதவு திறந்தது.

"ஜானகி கூட வந்தவங்க யாரு?" என்றாள் நர்ஸ். "ஆபரேஷன் முடிஞ்சிது. லேசா முழிச்சிருக்காங்க. எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கோம், ரிசல்ட் வர பத்து நாள் ஆகும். ஒரு ஆளு மட்டும் உள்ள வந்து பாக்கலாம். ஒரு ஆளுதான்."

டில்லியண்ணன் எழுந்து நின்றார். இரண்டு எட்டு வைத்தார். நின்றார். திரும்பி வந்து மஞ்சள் முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கி, நூலை அறுத்தார். போர்வையை உதறி நாலாக மடித்து, அடையாளம் மேலே தெரிகிற மாதிரி மகள் கையில் வைத்தார்.

"எம் பொண்ணு வருதும்மா" என்றார் நர்ஸிடம்.

அவள் போனாள். கதவு ஆடி ஆடி நின்றது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து, வெறும் ஊசியையும் சீப்பு முதுகையும் சட்டைப் பைக்குள் போட்டார். உட்கார்ந்த வாக்கில் தோள் குலுங்குவது தெரிந்தது. கொஞ்ச நேரம் ஆயிற்று அடங்க.

"எல்லாம் உன் வாயாலதான் குல்ஷன்" என்றார்.

"ஆமாணா" என்றேன்.

"ஃப்ளாஸ்க்க எட்த்துகினு போயி டீ வாங்கியா." படிக்கட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சாய்நாத் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். "அந்தப் பையனுக்கும் சேத்து வாங்கியா."